ஸ்லைடு நகரவில்லை, நாற்காலி நகர்கிறது: தற்காப்புக் கைத்துப்பாக்கி வகுப்பில் மாற்றுத்திறனாளிகள் சந்திக்கும் சிக்கல்களும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

அமெரிக்காவில் ஒருநாள், இருநாள் தற்காப்புக் கைத்துப்பாக்கி வகுப்புகள் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் நடக்கின்றன. அவற்றின் பாடத்திட்டம் பெரும்பாலும் இரு கைகளும் இரு கால்களும் தடையின்றி இயங்கும் ஒருவரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. டெக்சஸில் இத்தகைய வகுப்புகளில் உதவியாளனாகச் சுடுகோட்டில் (சுடுபவர்கள் வரிசையாக நிற்கும் கோட்டில்) நின்ற ஆண்டுகளில், மூட்டுவாதம் உள்ளவர்கள், பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஆகியோரிடம் திரும்பத் திரும்ப ஒரே சில சிக்கல்களைத்தான் கண்டேன். அவற்றை அறிகுறி வாரியாக, செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம் வரை, கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எந்தச் சோதனைக்கும் முன் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) வெளியே எடுத்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, பயிற்றுநரிடமும் காட்டிவிட வேண்டும். அரிசோனாவின் பால்டனில் 1976-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளையே இன்றும் பெரும்பாலான வகுப்புகள் ஏதேனும் ஒரு வடிவில் சொல்லித்தருகின்றன: எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பப்பட்டதே, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்முனை படக்கூடாது, குறி இலக்கில் பதியும் வரை விரல் டிரிகரில் இருக்கக்கூடாது, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். உடலின் நிலை எதுவானாலும் இந்த நான்கும் தளர்வதில்லை. நிற்கும் விதம், பிடிக்கும் விதம், துப்பாக்கியின் வகை, வகுப்பின் வேகம் ஆகிய மற்ற அனைத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி 1: ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க முடியவில்லை

ஸ்லைடு என்பது துப்பாக்கியின் மேற்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி. அதைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் மேகசினிலிருந்து முதல் தோட்டா அறைக்குள் போகும். வகுப்பின் முதல் மணி நேரத்திலேயே தலைகாட்டும் சிக்கல் இது. விரல்களில் வலுவில்லை என்று மாணவர் சொல்வார். பாதிப் பேரிடம் உண்மையான குறை முறையில்தான் இருக்கும்.

*முதலில் பார்க்க வேண்டியது, பிடிக்கும் முறை.* கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஸ்லைடின் பின்முனையைக் கிள்ளி இழுப்பவர்களுக்கு அது வராது. துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, துணைக்கையின் நான்கு விரல்களையும் உள்ளங்கையையும் ஸ்லைடின் மேல் முழுவதுமாகப் பொத்தி, அந்தக் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, பிடிகையால் துப்பாக்கியின் உடலை முன்னுக்குத் தள்ள வேண்டும். இழுப்பதற்கு விரல்தான் உழைக்கிறது, தள்ளுவதற்குத் தோளும் மார்பும் சேர்ந்துகொள்கின்றன. மார்புக்கு அருகில் வைக்கும்போது குழல்முனை பக்கவாட்டில், அடுத்தவரை நோக்கித் திரும்பிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே துப்பாக்கியைத் திருப்பாமல் உடலைத் திருப்ப வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் நாற்காலியையே திருப்பிக்கொள்ள வேண்டும்.

*அடுத்தது, சுத்தியல்.* பின்முனையில் சுத்தியல் (டிரிகரை அழுத்தினால் முன்னே அடிக்கும் சிறு நெம்பு) வெளியே தெரியும் துப்பாக்கியானால் அதை முதலில் கட்டைவிரலால் பின்னுக்குச் சாய்த்துவிட்டுப் பிறகு ஸ்லைடை நகர்த்திப் பாருங்கள். ஸ்லைடு சுத்தியலையும் சேர்த்துத் தள்ளவேண்டிய வேலை மிச்சமாவதால், தேவைப்படும் விசை கண்கூடாகக் குறையும்.

*பிறகு வழுக்கல்.* வியர்வை, எண்ணெய், மழமழப்பான ஸ்லைடு ஆகியவற்றுக்கு ரப்பர் பதித்த மெல்லிய கையுறையோ, ஸ்லைடின் பின்பகுதியில் ஒட்டும் சொரசொரப்பான பட்டையோ போதும். ஸ்லைடின் பின்முனையில் பொருத்தும் சிறு பிடிகளும் கிடைக்கின்றன. அவை ஹோல்ஸ்டரில் (உடலில் அணியும் துப்பாக்கி உறையில்) இடிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

*கடைசியாகத் துப்பாக்கியே பொருந்தாதது.* இங்கேதான் பணம் வீணாகிறது. கைக்கு வலுக் குறைவு என்றவுடன் கடையில் சின்னஞ்சிறு துப்பாக்கி ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். சிறிய துப்பாக்கிகளின் ஸ்பிரிங் பெரும்பாலும் கடினமானது, பிடிக்க இடமும் குறைவு, பின்னுதைப்பும் அதிகம். .380 தோட்டா 9 மிமீ தோட்டாவைவிட வலுக் குறைந்தது என்றாலும், பூட்டமைப்பு இல்லாமல் ஸ்பிரிங்கின் வலுவையே நம்பி இயங்கும் பழைய பாணி .380 துப்பாக்கிகள், நடுத்தர அளவு 9 மிமீ துப்பாக்கியைவிடக் கடினமாக நகரக்கூடும். ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் .380 அளவிலும் 2020-இல் 9 மிமீ அளவிலும் வெளியிட்ட ஷீல்டு ஈஸி வகை, எளிதாக நகரும் ஸ்லைடுக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு: கைப்பிடியின் பின்புறம் உள்ள சேஃப்டியை உள்ளங்கை முழுதாக அழுத்தினால்தான் அது சுடும். விரல் இழந்தவர்கள், உள்ளங்கைத் தசை மெலிந்தவர்கள் ஆகியோருக்கு அந்த அழுத்தம் சில வேளை விட்டுப்போகும். குழலே மேல்நோக்கித் திறந்துகொள்ளும் பெரெட்டா 3032 டாம்கேட் போன்றவற்றில் முதல் தோட்டாவை ஸ்லைடைத் தொடாமலே இடலாம். தோட்டா சிக்கி ஜாம் ஆகிவிட்டால் ஸ்லைடு தேவைப்படலாம் என்பதை மறக்க வேண்டாம். வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்தில் நான்கைந்து வகைகளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

*எப்போது நிபுணரிடம் போவது:* ஸ்பிரிங்கை வெட்டியோ மெல்லியதாக மாற்றியோ வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை. முறை சரியாக இருந்தும் வலி மணிக்கட்டில் தங்கினாலோ, இரவில் விரல்கள் மரத்துப்போனாலோ, கைச்சிகிச்சையில் தேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்கள்.

அறிகுறி 2: நான் சுட்டால் ஜாம் ஆகிறது, பயிற்றுநர் சுட்டால் ஆவதில்லை

இந்த ஒப்பீடே சோதனை. அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே பெட்டித் தோட்டா, வேறு கை. பயிற்றுநர் இரண்டு மேகசின் சுட்டும் சிக்கவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டு. ஸ்லைடு முழுத் தூரம் பின்னுக்குப் போய்வர, துப்பாக்கியின் உடல் கையில் ஊன்றி நிற்க வேண்டும். கையும் சேர்ந்து மடங்கினால் ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடும், காலித் தோட்டா உறை வெளியேறும் வாயிலில் செங்குத்தாக மாட்டிக்கொள்ளும்.

பயிற்றுநருக்கும் சிக்கினால் மேகசினை மாற்றுங்கள், பிறகு தோட்டா வகையை மாற்றுங்கள், பிறகு துடைத்து எண்ணெயிடுங்கள், அதன் பிறகே துப்பாக்கியைச் சந்தேகியுங்கள். வலி குறையட்டும் என்று மிக வலுக் குறைந்த தோட்டா வாங்கி வருபவர்கள் இந்தக் கிளையில்தான் மாட்டுவார்கள்: பின்னுதைப்பு குறையும், ஆனால் ஸ்லைடை ஓட்டவும் அதே விசைதான் வேண்டும்.

மணிக்கட்டே காரணம் என்றால், பிடியைக் கைப்பிடியின் உச்சிவரை ஏற்றுங்கள். மணிக்கட்டுப் பட்டை கட்டிப் பாருங்கள். எஃகு உடல் கொண்ட கனமான துப்பாக்கியைச் சோதியுங்கள், ஏனெனில் கனமே பின்னுதைப்பில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். இவையெதுவும் உதவாதபோது ரிவால்வர் நினைவுக்கு வரும். அது மணிக்கட்டை நம்பி இயங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் டிரிகரே சுத்தியலையும் பின்னுக்கு இழுக்கும் இரட்டைச் செயல் ரிவால்வரில் அதை அழுத்தச் சுமார் 4.5 முதல் 5.5 கிலோ வரை விசை வேண்டும், இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் அது 2.5 கிலோ அளவே. ஆகவே மணிக்கட்டு தளர்ந்து, விரல் வலுவாக உள்ளவருக்கு ரிவால்வர் ஏற்றது. விரல் மூட்டுகள் வீங்கியவருக்கு அது புதிய தண்டனை.

அறிகுறி 3: மேகசினில் கடைசி மூன்று நான்கு தோட்டாக்கள் ஏறுவதில்லை

நெம்பி நிரப்பும் சிறு கருவி ஒன்றை வாங்குங்கள். மாக்லுலா நிறுவனத்தின் அப்லுலா பலரிடம் இருப்பது. ஒரே கையால் நிரப்புபவர்கள் மேகசினை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கியை மேசையில் பொருத்திக்கொள்ளலாம். முன்னிரவே வீட்டில் நிரப்பி எடுத்து வாருங்கள், வகுப்பில் விரல்களைச் சுடுவதற்காகச் சேமித்து வையுங்கள். இதற்கு நிபுணர் தேவையில்லை.

அறிகுறி 4: ஒரு கை மட்டும் இயங்குகிறது, ஜாம் ஆனால் நீக்க முடியவில்லை

பின் குறிமுள்ளின் (குறிபார்க்க ஸ்லைடின் பின்முனையில் நிற்கும் சிறு மேட்டின்) முன்பக்கம் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். சரிவாக இருந்தால் எதிலும் மாட்டாது. அந்தக் குறிமுள்ளை மாற்றுவதே முதல் செலவு. செங்குத்தாக இருந்தால் அதைக் கெட்டியான பெல்ட்டின் விளிம்பிலோ, ஹோல்ஸ்டரின் வாய்விளிம்பிலோ, மேசை ஓரத்திலோ மாட்டி, துப்பாக்கியைக் கீழ்நோக்கித் தள்ளி ஸ்லைடை நகர்த்தலாம். நாற்காலிச் சக்கரத்தின் கைவளையம் உருண்டையாக இருப்பதால் வழுக்கும். அதை நம்ப வேண்டாம்.

இடுப்பருகே இதைச் செய்யும்போது குழல்முனை தொடையையோ பாதத்தையோ நோக்கிப் போவது மிக எளிது. ஆகவே போலித் தோட்டாவை வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, குறைந்தது ஐம்பது முறை பிழையில்லாமல் வந்த பிறகே உண்மைத் தோட்டாவுடன் முயலுங்கள். துப்பாக்கியை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொள்ளும் முறையைச் சிலர் காட்டுவார்கள். காலில் உணர்வில்லாதவருக்கு இடுக்கியது நழுவுவது தெரியாது. அந்த முறையை நான் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அறிகுறி 5: அமர்ந்த நிலையில் துப்பாக்கியை எடுக்கும்போது குழல்முனை தொடையைக் கடக்கிறது

சக்கர நாற்காலியில் வருபவரைப் பயிற்றுநர் பெரும்பாலும் நிறுத்துவது இந்த இடத்தில்தான், நிறுத்துவதும் சரியே. ஆனால் நிறுத்தியதோடு விட்டுவிடுவது சரியல்ல.

நீல நிற பிளாஸ்டிக் போலித்துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் வைத்து, நாற்காலியின் இருபுறமும் நின்று கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் குழல்முனை எந்தக் கணத்தில் உடலைக் கடக்கிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்.

துப்பாக்கியை மேலே முழுவதும் தூக்குமுன்னரே முன்னுக்குத் திருப்பிவிடுவது முதலாவது. நேர் மேலே விலா உயரத்துக்கு எடுத்து, அங்கே திருப்பி, முழங்காலைத் தாண்டிய வெளியில் நீட்ட வேண்டும். செலவு ஏதுமில்லை, பயிற்சி மட்டுமே.

கைத்தாங்கி மறிப்பது இரண்டாவது. வலப்பக்க இடுப்பில் அணிபவர் கைத்தாங்கியில் முழங்கை இடிக்கும்போது, தன்னை அறியாமல் கையை உள்ளே வளைப்பார். கழற்றக்கூடிய கைத்தாங்கியாக இருந்தால் கழற்றிவிட்டு மீண்டும் படம் எடுத்துப் பாருங்கள். அதைக் கழற்றினால் உடல் சாயும் என்றால் அடுத்த கிளைக்குப் போங்கள்.

ஹோல்ஸ்டர் இருக்கும் இடமே பொருந்தாதது மூன்றாவது. வயிற்றின் முன்புறம் அணியும் முறை அமர்ந்த நிலையில் குழல்முனையை நேராகத் தொடையிடுக்கில் வைக்கிறது. தொடையின் பெருந்தமனி அங்கே ஓடுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. வலக்கைக்காரர் இடப்பக்கம் அணிந்து குறுக்காக எடுக்கும் முறை அமர்ந்தவருக்கு வசதியானது, ஆனால் எடுக்கும் வழியில் குழல்முனை இடப்பக்கம் இருப்பவரைத் தடவிச் செல்லும். பல வகுப்புகள் இதைத் தடைசெய்வது அதனால்தான். சுடுகோட்டின் இடக்கோடியில் இடம் கேட்டு வாங்கி, நாற்காலியை வலப்புறம் திருப்பி, இடது இடுப்பு இலக்கை நோக்கி இருக்கும்படி அமர்ந்தால், குழல்முனை முழு வழியிலும் இலக்கின் பக்கமே இருக்கும். இதை வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் பேசி முடிவுசெய்யுங்கள். அன்று காலை கேட்டால் மறுப்பதைத் தவிர பயிற்றுநருக்கு வேறு வழி இராது.

ஹோல்ஸ்டரை நாற்காலியோடு பொருத்துபவர்களும் உண்டு. விழுந்தாலோ, காருக்கு மாறினாலோ, துப்பாக்கி நாற்காலியோடு நின்றுவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். எந்த ஹோல்ஸ்டரானாலும் டிரிகரை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும். வாய் மூடிக்கொள்ளும் மெல்லிய துணி வகையில் ஒரு கையால் திருப்பி வைக்க முயல்வதுதான் விபத்து.

மூன்று கிளைகளும் பயனளிக்காவிட்டால், அன்றைய வகுப்பை மேசைமேல் வைத்த துப்பாக்கியிலிருந்தோ, தாழ்த்திப் பிடித்த நிலையிலிருந்தோ தொடங்கும்படி கேளுங்கள். ஹோல்ஸ்டரிலிருந்து எடுப்பது பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே.

அறிகுறி 6: சுடும்போது நாற்காலி உருள்கிறது, அல்லது உடல் ஆடுகிறது

சக்கரப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்தபின் டயரில் காற்றைப் பாருங்கள். காற்று இறங்கிய டயரைப் பூட்டு இறுகப் பற்றாது. நான் கண்டவற்றில் பாதி இதுவே. அடுத்தது தரை: மழைநீர் வடியச் சரிவாகக் கட்டிய தளம், அல்லது சரளைக்கல். ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு அதைச் சரிசெய்யும். முன்னால் சாயும் அச்சம் இருந்தால் நாற்காலியைச் சற்றுப் பின்னோக்கி உருட்டி நிறுத்துங்கள். சிறு சக்கரங்கள் முன்புறம் திரும்பி, தாங்கும் தளம் நீளும். மின்நாற்காலியானால் சுடுமுன் அணைத்துவிடுங்கள். நிரப்பிய துப்பாக்கி கையில் இருக்கும்போது முழங்கை ஜாய்ஸ்டிக்கில் பட்டால் நாற்காலி திரும்பும், குழல்முனையும் கூடவே திரும்பும்.

நாற்காலி அசையாமல் உடல் மட்டும் ஆடினால் மார்புப் பட்டை கட்டிப் பாருங்கள். அதன் பிறகும் ஆடினால் இருக்கை அமைப்பு நிபுணரிடம் காட்ட வேண்டும்.

அறிகுறி 7: திடீரென மண்டை வெடிக்கும் தலைவலி, முகம் சிவத்தல், கழுத்துக்கு மேல் வியர்த்தல்

முதுகுத்தண்டில் டி6 என்னும் ஆறாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்கு இது வெயிலின் களைப்பு என்று விடத்தக்கதல்ல. காயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடலை உறுத்துகிறது, மூளைக்கு அது வலியாகப் போய்ச் சேரவில்லை, இரத்த அழுத்தம் மட்டும் பாய்ந்து ஏறுகிறது. ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா எனப்படும் இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது.

சுடுவதை உடனே நிறுத்தித் துப்பாக்கியைப் பயிற்றுநரிடம் ஒப்படையுங்கள். நிமிர்ந்து அமருங்கள், படுக்கக்கூடாது. பிறகு இந்த வரிசையில் தேடுங்கள்: துப்பாக்கிக்காக இறுக்கிய பெல்ட், மார்புப் பட்டை, சிறுநீர்ப் பை நிரம்பியதா, குழாய் மடங்கியதா, மடியிலோ தொடைக்கும் இருக்கைக்கும் இடையிலோ சூடான காலித் தோட்டா உறை. தடுப்புகள் உள்ள உள்ளரங்கத் தளங்களில் வெளியேறும் உறைகள் தடுப்பில் மோதி மடியில் வந்து விழுவது வழக்கம். உணர்வுள்ளவர் துள்ளி எழுவார், உணர்வற்றவர் அதன் மேலேயே அடுத்த மேகசினையும் சுட்டு முடிப்பார். சில நிமிடங்களில் தலைவலி இறங்காவிட்டால், அல்லது காரணமே அகப்படாவிட்டால், அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து அந்த நிலையின் பெயரைச் சொல்லுங்கள்.

இதைத் தடுக்க, கெட்டித் துணி ஒன்றை மடிமீது விரித்து இருபுறமும் செருகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இருக்கையைக் கையால் தடவிப் பாருங்கள். உங்கள் உடல்நிலையைப் பற்றிய இரண்டு வரிகளை வகுப்பு தொடங்குமுன் பயிற்றுநரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 8: கட்டளை கேட்கவில்லை

துப்பாக்கி வேட்டின் உச்ச ஒலி 140 டெசிபலைத் தாண்டும். ஆகவே காதைத் திறந்துவைத்துக் கேட்பது விடையல்ல. செவிக்கருவி மேல் காதுமூடி அணிந்தால் கீச்சொலி வரும். கருவியைக் கழற்றிவிட்டு மின்னணுக் காதுமூடி போட்டுப் பாருங்கள். அதுவும் போதாதவர், தோளில் கை பட்டால் விரலை டிரிகரிலிருந்து எடுத்து அசையாமல் நிற்பது என்று பயிற்றுநருடன் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி 9: காலையில் நன்றாக இருந்த குறி பிற்பகலில் சிதறுகிறது

இருநாள் வகுப்பில் 800 தோட்டா வரை கேட்பதுண்டு. அந்த எண்ணிக்கை உங்கள் கைகளைப் பார்த்து வைத்ததல்ல. 300-இல் நிறுத்திக்கொண்டு மீதியைப் போலித் தோட்டாவால் செய்கிறேன் என்று சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, டெக்சஸில் கைத்துப்பாக்கி ஏந்தும் உரிமத்துக்கான சுடும் தேர்வே 3, 7, 15 கெஜத் தூரங்களில் மொத்தம் 50 தோட்டாதான்.

சோர்வில்லாமல் நடுக்கம் மட்டும் கூடினால் மருந்து வேளையைப் பாருங்கள். பார்கின்சன் உள்ளவர்கள் மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் சுடும் சுற்று அமையும்படி கேட்கலாம். தூக்கம் தரும் வலிமாத்திரை உட்கொண்டால் அன்று சுடக்கூடாது, பார்வையாளராக அமருங்கள். கழுத்துப் பகுதியில் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு உடல் வியர்த்துக் குளிராது என்பதால் டெக்சஸ் வெயிலில் நிழலும் ஈரத்துணியும் கட்டாயம். நாற்காலியில் இருப்பவர் தோட்டா நிரப்பும் இடைவேளைகளில் உடலைச் சாய்த்தோ தூக்கியோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வகுப்பின் பரபரப்பில் முதலில் மறந்துபோவது அதுதான்.

அறிகுறி 10: வகுப்பில் சேர்க்கவே மறுக்கிறார்கள்

காரணத்தைக் கேளுங்கள், பெரும்பாலும் பழக்கமின்மையால் வரும் தயக்கம் அது. போலித்துப்பாக்கியுடன் பத்து நிமிடம் நேரில் செய்துகாட்ட முன்வாருங்கள், பலர் அதோடு மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மாறாவிட்டால், 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டத்தின் மூன்றாம் பகுதி, பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது என்பதை எடுத்துச் சொல்லலாம். நியாயமான மாற்றங்களை அவர்கள் செய்துதர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக்கூடாது, பாதுகாப்பைக் காட்டி மறுப்பதானால் அந்த நபரைப் பார்த்து மதிப்பிட்ட உண்மையான ஆபத்தாக அது இருக்க வேண்டும். உண்மையான உறுப்பினர் சங்கங்களுக்கு இதில் விலக்கு உண்டு. இதற்கு மேல் போக வேண்டுமென்றால் மாற்றுத்திறனாளர் உரிமை வழக்கறிஞரைப் பாருங்கள், அல்லது அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்திடம் புகார் அளியுங்கள்.

அறிகுறி 11: வீடு திரும்பியபின் சக்கரக் கைவளையங்களில் கருமை

அது வெறும் புகைக்கரி அல்ல, ஈயத்தூளும் அதில் உண்டு. தளத்தின் தரையில் உருண்ட சக்கரம் அதை வீட்டுக்குள் கொண்டுவரும், கைவளையம் கைக்குக் கொண்டுவரும், கை வாய்க்குக் கொண்டுபோகும். தளத்தை விட்டுக் கிளம்புமுன் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கைகளையும், ஈரத்துணியால் வளையங்களையும் டயர்களையும் துடையுங்கள். துணியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மாதம் தவறாமல் உள்ளரங்கத் தளத்துக்குப் போகிறவர், வீட்டில் சிறு குழந்தை இருந்தால் குறிப்பாக, மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.